இடுப்பு மூட்டு மாற்றியபின் அம்மா தரையில் உட்காரலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு 63 வயது. மழை ஈரத்தில் முற்றத்தில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. இடுப்பு மூட்டை மாற்றி 12 நாள் ஆகிறது. தரையில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். இப்போதே காலை மடக்கிப் பழகாவிட்டால் விறைத்துவிடும் என்கிறார் உங்கள் சித்தி. யார் பேச்சைக் கேட்பது என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி வரியில், "அம்மா முக்கூடலில் முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறவர்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு அவர் மறுபடி உட்கார முடியுமா, முடியாதா?

பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். மூட்டு மாற்றியவர்களை எழுப்பி நிறுத்தி, நடக்க வைத்து, வீட்டுக்குப் போனபின் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. கத்தி பிடித்து அறுவை செய்கிறவன் நான் அல்ல. உங்கள் அம்மாவின் எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் தாளையும் நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே சொல்வதில் ஏதாவது உங்கள் அறுவை மருத்துவர் சொன்னதற்கு மாறாக இருந்தால், அவர் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டைத் திறந்து உள்ளே பார்த்தவர் அவர்தான்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். அம்மா நடக்க வேண்டும். மூட்டு மாற்றியவர்களைப் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வாக்கர் கொடுத்து நிற்க வைத்துவிடுகிறோம். எலும்பு ஒட்டும் வரை அசையாமல் கிடந்த காலம் போய்விட்டது. முறிந்த பகுதியையே எடுத்துவிட்டு உலோகத்தை வைத்திருப்பதால், ஒட்டுவதற்கென்று அங்கே முறிவு எதுவும் இல்லை. மூன்று மாதம் படுக்கையில் கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், முதுகில் படுக்கைப் புண் வரும், தொடைச் சதை கரைந்துபோகும். இடுப்பு முறிந்த முதியவர்களை வாட்டுவது முறிவைவிட இந்தப் படுக்கைதான். பெரியவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அது அந்தக் காலத்துப் பாடம். அறுவையின்போது எலும்பில் கீறல் விழுந்தது போன்ற காரணங்களால் சிலருக்கு மட்டும் காலில் முழு எடை போடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சித்தி சொல்வதும் சரியல்ல. முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்குத்தான் மடக்கி மடக்கிப் பழக்க வேண்டியிருக்கிறது. இடுப்புக்கு அந்த வேலை தேவையில்லை. நடப்பதும், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், படுத்தபடி குதிகாலைத் தேய்த்துக்கொண்டே முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நீட்டுவதும் முதல் ஆறு வாரத்துக்குப் போதும். விறைப்பு வந்தால் பெரும்பாலும் முன்பக்கம்தான் வரும். வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் எந்நேரமும் தலையணையைக் கொடுத்து வைத்தால், இடுப்பு மடங்கினபடியே இறுகிப்போய், பிறகு நிமிர்ந்து நிற்க முடியாமல் ஆகிவிடும். தினமும் சிறிது நேரமாவது காலை நேராக நீட்டி, மல்லாந்து படுக்கட்டும்.

ஏன் இந்தத் தடைகள் என்பது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மாற்று மூட்டு என்பது ஒரு கிண்ணமும், அதற்குள் உருளும் ஒரு பந்தும். பந்து ஒரு கழுத்தின்மேல் நிற்கிறது. குழம்புக் கிண்ணத்துக்குள் ஒரு கரண்டியை வைத்து அதன் காம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். காம்பு விளிம்பில் முட்டும் வரைக்கும் ஒன்றும் ஆகாது. முட்டிய பிறகும் அழுத்தினால் கரண்டியின் தலை எதிர்ப்பக்கம் எம்பிக் கிளம்பும். மூட்டு விலகுவதும் அப்படித்தான். இடுப்பை அளவுக்கு மீறி மடக்கும்போது கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் முட்டுகிறது. பந்து பின்பக்கமாக நெம்பி வெளியே வருகிறது. நாம் பிறவியில் பெற்ற மூட்டில் பந்து பெரியது, அதைச் சுற்றித் தடித்த உறையும் சதையும் இருக்கின்றன. ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி 1962ஆம் ஆண்டில் இன்றைய மாற்று மூட்டுக்கு அடிப்படை போட்டபோது அவர் வைத்த பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 22 மில்லிமீட்டர்தான். இப்போது 32, 36 மில்லிமீட்டர் பந்துகள் சாதாரணமாகிவிட்டன. பந்து பெரிதாகப் பெரிதாக எம்பி வெளியே வருவது கடினம். ஆனால் உறையையும் பின்பக்கத்துச் சிறு தசைகளையும் வெட்டித்தான் உள்ளே போயிருப்பார்கள். அவற்றைத் திரும்பத் தைத்து வைத்தாலும் இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் ஆறு வாரம், அதிகம் போனால் 12 வாரம் என்று நாங்கள் கெடு வைப்பது அதற்காகத்தான். விலகல்களில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே நடக்கின்றன.

எந்த வழியாக மூட்டைத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்துத் தடை மாறும். இதைப் பலருக்குச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பிட்டத்தின் பின்பக்கமாகத் திறந்திருந்தால், மூன்று அசைவுகள் ஆகாது: இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்குவது, காலை மற்ற காலைத் தாண்டிக் குறுக்கே கொண்டுபோவது, முழங்காலும் பாதமும் உள்நோக்கித் திரும்புவது. மூன்றில் ஒன்று தனியாக நடந்தால் அபாயம் குறைவு. மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் பெரும்பாலும் விலகுகிறது. முன்பக்கமாகத் திறந்திருந்தால் கதை தலைகீழ்: காலைப் பின்னால் நீட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதுதான் ஆகாது. பக்கவாட்டில் திறந்தவர்களுக்கு, தூக்கும் தசை ஆறும் வரை காலைப் பக்கவாட்டில் பலமாகத் தூக்கும் பயிற்சி வேண்டாம் என்பார்கள். தழும்பு இருக்கும் இடத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் தாளில் போஸ்டீரியர் (பின்வழி), லேட்டரல் (பக்கவழி), ஆன்டீரியர் (முன்வழி) என்று ஒரு சொல் இருக்கும். இல்லையென்றால் தையல் பிரிக்கப் போகும்போது கேளுங்கள். முழு மூட்டா, பந்தை மட்டும் மாற்றிய பாதி மூட்டா என்பதையும் கூடவே கேளுங்கள். பாதி மூட்டில் பந்து பிறவிப் பந்தின் அளவுக்கே பெரிதாக இருப்பதால் விலகும் வாய்ப்பு குறைவு. இவை தெரியும் வரை, உங்களுக்குச் சொன்ன தடைகளைப் பார்த்தால் பின்வழி என்றே தோன்றுகிறது. அப்படியே வைத்து நடந்துகொள்ளுங்கள்.

இனி மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லாத இடம். இந்தத் தடைகளெல்லாம் உண்மையிலேயே தேவையா என்று கடந்த இருபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். முன், பக்கவாட்டு வழிகளில் மாற்றிக்கொண்டவர்களைத் தடை இல்லாமல் விட்டும் விலகல் கூடவில்லை என்று ஆய்வுகள் வந்துள்ளன. பின்வழிக்கும் தடைகளைத் தளர்த்தலாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இன்னொரு மருத்துவமனையில் மாற்றிக்கொண்ட உங்கள் உறவுக்காரருக்கு "எப்படி வேண்டுமானாலும் உட்காருங்கள்" என்று சொல்லியிருந்தால் அது பொய்யல்ல. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் தேய்மானத்துக்காக நாள் குறித்து மாற்றிக்கொண்டவர்களிடம் நடந்தவை. தேய்மானத்துக்கு மாற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூன்று பேர் வரைக்கும்தான் விலகுகிறது. விழுந்து முறிந்து மாற்றியவர்களுக்கு அதைவிடக் கூடுதல். முதுகெலும்பில் கம்பி போட்டு இறுக்கியவர்களுக்கும், நடுக்கவாதம், மறதி நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் கூடுதல். உங்கள் அம்மா விழுந்து முறிந்தவர். அவரை நான் தளர்வாக விடமாட்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னால், அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். "ஆச்சி, 90 டிகிரிக்கு மேல் இடுப்பை மடக்கக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டினார். நானும் சொல்லிவிட்ட திருப்தியில் அனுப்பிவிட்டேன். பத்தொன்பதாம் நாள் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். கால் குட்டையாகி, பாதம் உள்ளே திரும்பிக் கிடந்தது. நடந்தது இதுதான்: நான் சொன்ன உயரத்தில், கைப்பிடி வைத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். வெற்றிலைச் செல்லம் மட்டும் நாற்காலிக்கு வலப்பக்கம் தரையில் இருந்திருக்கிறது. அதை எடுக்கச் சாய்ந்திருக்கிறார். உடம்பு தொடைமேல் படிந்தது, முழங்கால் உள்ளே சரிந்தது, பந்து வெளியே வந்துவிட்டது. வலியில் முகம் வெளுத்துப்போயிருந்த அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "நீங்கள் சொன்ன நாற்காலியில்தானே ஐயா இருந்தேன்?" என்று கேட்டார். குற்றம் முழுவதும் என்னுடையது. காலை மடக்குவதைத்தான் இடுப்பு மடங்குவதாக அவர் நினைத்திருந்தார். உடம்பைக் குனிந்தாலும் இடுப்பு அதே அளவுக்கு மடங்குகிறது என்பதை நான் சொல்லவில்லை. மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே தள்ளினார்கள். பிறகு நன்றாகவே நடந்தார். அன்றோடு டிகிரிக் கணக்கை விட்டுவிட்டேன். இப்போது எல்லோரிடமும் ஒன்றே சொல்கிறேன்: உட்கார்ந்திருக்கும்போது கை முழங்காலைத் தாண்டிக் கீழே போகக் கூடாது, முழங்கால் எப்போதும் இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். சொன்னபின் செய்துகாட்டச் சொல்லிப் பார்க்கிறேன். நீங்களும் அம்மாவிடம் "தெரிகிறதா" என்று கேட்காதீர்கள், "செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அம்மாவை முடக்கிப்போடுவதைவிட வீட்டில் இருக்கும் பொருள்களை உயர்த்துவதுதான் உங்கள் வேலை. நம் ஊர் வீடுகள் தரையோடு வாழ்வதற்காகவே கட்டப்பட்டவை. தார்சாவில் (முன்தாழ்வாரத்தில்) பாய், பட்டாசலில் (கூடத்தில்) பாய், அடுக்களையில் பலகை, புறவாசலில் துவைக்கல். ஓர் அளவுநாடா எடுத்து, அம்மா நிற்கும்போது தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து பாருங்கள். உட்காரும் இடம் எதுவாக இருந்தாலும், உட்கார்ந்து அமுங்கிய பிறகு, அந்த அளவைவிட இரண்டு அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும். 16 அங்குலம் என்று வந்தால் இருக்கை 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி பலருக்குப் பற்றாது. ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் கொஞ்சம் உயரமும் கிடைக்கும், உறுதியும் கிடைக்கும். சாய்வு நாற்காலி, நார்க்கட்டில், அமுங்கும் சோபா, திண்ணையின் தாழ்ந்த படி ஆகிய எதுவும் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தாதீர்கள், நழுவும். கட்டில் கால் இறங்கி நிற்கும்படி குழி செதுக்கிய மரக்கட்டை நான்கு, தச்சரிடம் சொன்னால் ஒரே நாளில் கிடைக்கும்.

உட்காருவதற்கும் ஒரு முறை உண்டு. நாற்காலி பின்னங்காலில் படும் வரை பின்னால் வர வேண்டும். வலது காலை ஒரு சாண் முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, முதுகை வளைக்காமல் இறங்க வேண்டும். எழும்போதும் அப்படியே: முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வந்து, வலது காலை நீட்டி, கையை ஊன்றி, இடது காலின் பலத்தில் எழ வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே மூக்கை முன்னால் நீட்டிக் குனிந்து எழுவதுதான் எல்லோருக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கழிப்பறைதான் நம் பக்கத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். குந்தி உட்காரும் கழிப்பறை இந்த மூன்று மாதம் அறவே கூடாது. நடுவில் துளை வைத்த கம்மோடு நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதை இருக்கிற கோப்பைக்கு நேர்மேலே நிறுத்திவிடலாம். கால்களுக்கு ரப்பர் குல்லா இருக்கிறதா, ஈரத்தில் வழுக்குகிறதா என்று நீங்கள் முதலில் உட்கார்ந்து பாருங்கள். பலரும் மறப்பது தண்ணீர் வாளியை. வாளி தரையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் குனிந்துதான் செம்பில் மொள்ள வேண்டும். ஆச்சியின் வெற்றிலைச் செல்லமும் இந்த வாளியும் ஒன்றுதான். வாளியை இருக்கை உயரத்துக்கு ஒரு முக்காலிமேல், இடது கைப்பக்கம் வையுங்கள். குளிப்பதும் அப்படியே, உயரமான நாற்காலியில் உட்கார்ந்துதான். தாமிரபரணிக்குப் போய்க் குளித்துப் பழகியவர்கள் ஒரு மாதத்துக்குள்ளேயே படித்துறையைக் கேட்பார்கள். காயம் ஆறாமல் ஆற்றுத் தண்ணீர் படக் கூடாது என்பது ஒன்று. பாசி படிந்த படியில் கைத்தடியோடு இறங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து.

படுக்கும்போது மல்லாந்து படுத்து, இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. நல்ல கனமான இலவம்பஞ்சுத் தலையணை இதற்கு மிகவும் தோது. திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் இடப்பக்கமாக, முழங்கால்களுக்கு நடுவே தலையணை நழுவாதபடி. கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எட்டி இழுப்பதும் குனிவதுதான். யாராவது எடுத்துக் கொடுங்கள். பாவாடையை வலது காலில் முதலில் மாட்ட வேண்டும், கழற்றும்போது வலது காலிலிருந்து கடைசியாகக் கழற்ற வேண்டும்; தலை வழியாக மாட்டிக்கொள்வது இன்னும் நல்லது. தரையைத் தொடும் சேலையும் நைட்டியும் வாக்கரின் காலில் சிக்கும். கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். நின்றுகொண்டிருக்கும்போது யாராவது வலப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால், வலது பாதத்தை ஊன்றிவைத்தபடியே உடம்பை மட்டும் திருப்பக் கூடாது. அப்போது தொடை எலும்பு உள்நோக்கித் திருகுகிறது. சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து முழு உடம்பையும் திருப்ப வேண்டும்.

வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். வாக்கர் முதலில், பிறகு வலது கால், பிறகு இடது கால். படியேறும்போது நல்ல கால் முதலில் மேலே, இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில் கீழே. கைத்தடிக்கு மாறும்போது அது இடது கையில் இருக்க வேண்டும். வலது காலுக்கு வலது கைதான் துணை என்று பாதிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். எதிர்க்கையில் பிடித்தால்தான் இடுப்பின் பக்கத் தசைக்குப் பாரம் குறைந்து, சாய்ந்து சாய்ந்து நடப்பது நிற்கும். பரிசோதனைக்குக் கூட்டிவரும்போது ஆட்டோ வேண்டாம். காரின் முன்சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்த்து, ஒரு திண்டு போட்டு, முதலில் உட்கார வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள்.

சில அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திடீரென்று தாங்க முடியாத வலி, கால் குட்டையாகிப் பாதம் திரும்பிவிடுதல், ஊன்றவே முடியாமை: மூட்டு விலகியிருக்கிறது. காலை இழுத்துப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், சாப்பிடக் கொடுக்காதீர்கள். கால் முழுவதும் மாலையில் கொஞ்சம் வீங்கி, படுத்தால் வடிவது பல வாரம் இருக்கும், அது இயல்பு. கெண்டைக்கால் மட்டும் கல் போலாகி, தொட்டால் வலித்தால் ரத்த உறைவாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை, நன்றாக நடக்கிறாரே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் அசைக்கட்டும். காயத்தில் கசிவு, சிவப்பு, காய்ச்சல் கண்டால் உள்ளூரில் மாத்திரை வாங்கிப் பார்க்காமல் அறுவை செய்த இடத்துக்கே போங்கள். மாற்று மூட்டில் கிருமி புகுந்தால் அதை வெளியேற்றுவது மிகக் கடினம். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதும் காய மருத்துவம்தான்.

எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று யாராவது வருவார்கள். நம் பக்கத்தில் கட்டு வைத்தியத்துக்கும் வர்மத்துக்கும் பெரிய மரபு உண்டு, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் செயற்கை மூட்டைப் பிடித்து உருவி இழுப்பது அந்த மரபில் இல்லாத வேலை. அனுமதிக்காதீர்கள். பத்தியம் என்று சொல்லி முட்டை, மீன், பருப்பை நிறுத்துவதையும் அடிக்கடி பார்க்கிறேன். சீழ் பிடிக்கும் என்ற பயம். சதை வளர்வதற்கும் காயம் ஆறுவதற்கும் புரதம்தான் வேண்டும். மீனும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள். உளுந்தங்களியும் கொடுக்கலாம், சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியைக் குறையுங்கள். வலி மாத்திரையால் மலம் இறுகும், ஆகவே தண்ணீரும் கீரையும் கூடட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து 63 வயதில் இடுப்பு முறிகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. மூட்டை மாற்றியதால் அந்த மெலிவு தீராது. வைட்டமின் டி, கால்சியம், எலும்பை வலுப்படுத்தும் மருந்து ஆகியவற்றைப் பற்றி அடுத்த முறை நீங்களாகவே கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் இது விடுபட்டுப்போகிறது, பிறகு இடது இடுப்பும் முறிந்து வருகிறார்கள். முற்றத்துப் பாசியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள்; உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இனி தரைக்கு வருவோம். தரையில் உட்காருவது என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் மூட்டுக்கு அவை வேறு வேறு. சம்மணம் போடும்போது கால் அகன்று வெளிப்பக்கம் திரும்புகிறது; பின்வழியில் மாற்றியவர்களுக்கு அந்த இருப்பு பெரிய எதிரி அல்ல. உட்கார இறங்குவதும் எழுந்திருப்பதும்தான் எதிரி. குந்தி உட்காருவது இடுப்பை எல்லை வரை மடக்குகிறது. பெண்கள் இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடக்கி உட்காருகிறார்களே, அதில் ஒரு கால் உள்நோக்கித் திரும்பிக் குறுக்கேயும் வருகிறது. மூன்று குற்றமும் ஒன்றாகச் சேர்வது அங்கேதான். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் கிடக்கும் இலையை எட்டி எடுத்தால், கால் நேராகத்தானே இருக்கிறது என்று தோன்றும். உடம்பு மடங்குவதை மறந்துவிடுவோம். மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே நன்றாக இருந்து, மருத்துவர் அனுமதித்தால், சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் முறிவுக்கு மாற்றிக்கொண்ட ஒருவரை, நாள்தோறும் எட்டு மணி நேரம் தரையில் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது. குந்துவதையும் ஒரு பக்கமாக மடக்குவதையும் ஆயுள் முழுக்கத் தவிர்ப்பதுதான் நல்லது. மேலப்பாளையத்திலிருந்து வரும் பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள்; நெல்லையப்பர் கோயிலில் விழுந்து வணங்காமல் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பீடி சுற்றுவதற்குத் தரை தேவையில்லை. கை, கண், சுளகு, வெளிச்சம் ஆகியவைதான் தேவை. கடையம் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மனைவிக்கு மூட்டு மாற்றியபின் அவருடைய கணவர் பழைய பள்ளிக்கூட மேசை ஒன்றை வாங்கி, உட்கார்ந்தால் முழங்கை வரும் உயரத்துக்குக் காலை அறுத்திருந்தார். சுளகு மேசைமேல். நனைத்து வெட்டிய இலை இடப்பக்கம், தூள் வலப்பக்கம், நூல் கண்டு ஓர் ஆணியில். நாற்காலி 19 அங்குலம். முதலில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து பட்டாசலைச் சுற்றி ஒரு நடை, பிறகு மறுபடி. கை பழகும் வரை எண்ணிக்கை குறைந்தது. முன்பு நாளைக்கு 1000 சுற்றியவர், மேசைக்கு மாறிய புதிதில் பாதிகூட வரவில்லை என்று வருத்தப்பட்டார். இரண்டு மூன்று மாதத்தில் ஓரளவு ஈடுகட்டிவிட்டார். உங்கள் அம்மா நான்கு வாரம் கடந்து, வலி தணிந்து, நாற்காலியில் தடையில்லாமல் உட்கார்ந்து எழ முடிந்தபின் இப்படித் தொடங்கலாம், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. கம்பெனிக்குத் தட்டைச் சுமந்துபோவதும் இலை வாங்கி வருவதும் மூன்று மாதத்துக்கு வேறு யாராவது செய்யட்டும்.

அந்த மேசையின் நான்கு ஓரத்திலும் அரை அங்குல உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்திருந்தார் அந்தக் கணவர். எதற்கு என்று கேட்டேன். கத்தரி உருண்டு கீழே விழுந்தால் இவள் கை தானாகக் குனிந்து போய்விடும், முப்பது வருஷப் பழக்கம் என்றார். தப்பித் தவறி விழுந்தால் எடுப்பதற்கு, நுனியில் கொக்கி வளைத்த ஒரு கம்பும் நாற்காலியின் முதுகில் தொங்கியது. தச்சரிடம் போகும்போது அந்தச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.